ஓட்டு இயந்திரத்தை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு தேர்தல் முடிவுக்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்விகள், டீக்கடையில் கேட்கும் கேள்விகள், படித்தவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மென்பொருளைத் திருத்தி ஒரு சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் திருடப்பட்டது என்று எந்த நீதிமன்றத்திலும் இதுவரை நிரூபணமாகவில்லை. அதற்காக, "நிரூபணமாகவில்லையே, பேசாமல் இருங்கள்" என்று வாக்காளரிடம் சொல்வதை ஏற்க முடியாது. நாம் போடும் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு காகிதச் சீட்டு விழுகிறது. அதைப் போதுமான அளவு எண்ணிக் காட்டுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இந்த இயந்திரத்துக்குள் என்னதான் இருக்கிறது?

மூன்று பெட்டிகள். திரை மறைவில் நாம் பட்டனை அழுத்துவது வாக்குப்பதிவுக் கருவி. அலுவலரின் மேசையில் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி. ஓட்டுகள் இதன் நினைவகத்தில்தான் பதிவாகின்றன. மூன்றாவது விவிபேட், அதாவது ஒப்புகைச் சீட்டு அச்சிடும் கருவி. நாம் ஓட்டுப் போட்டதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும். பிறகு அறுந்து உள்ளே விழுந்துவிடும்.

ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் நோட்டாவையும் சேர்த்து 16 பேருக்கு இடம் உண்டு. இப்போது பயன்பாட்டில் உள்ள எம்3 வகையில் 24 கருவிகள் வரை இணைக்கலாம். மின்சாரம் தேவையில்லை, பேட்டரியில் ஓடும்.

தயாரிப்பவை இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள்: பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்), ஹைதராபாத்தின் இசிஐஎல். சுஜாதா என்று தமிழர்கள் அறிந்த எஸ். ரங்கராஜன் பெல்லில் பொறியாளராக இருந்தபோது இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார்.

எங்கோ உட்கார்ந்துகொண்டு செல்போனிலோ இணையத்திலோ இதை ஹேக் செய்ய முடியுமா?

உள்ளது உள்ளபடியே இருக்கும் இயந்திரத்தில் அதற்கு வழியில்லை. இணைய இணைப்பு, வைஃபை, ப்ளூடூத் எதுவும் அதில் கிடையாது. வாக்கு எண்ணும் மையத்துக்குப் பக்கத்தில் செல்போன் டவர் இருக்கிறது, அருகே மர்ம வேன் நிற்கிறது என்றெல்லாம் வரும் செய்திகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மாதிரி வதந்திகளால் நியாயமான கேள்விகளும் சேர்ந்து கேலிக்குள்ளாவதுதான் என் வருத்தம்.

அப்படியானால் 2010ல் ப்ளூடூத் வைத்துச் செய்து காட்டினார்களே?

ஆமாம், அது நடந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் ஆகியோர் உண்மையான இந்திய இயந்திரம் ஒன்றைக் கையில் வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு தெரியும் டிஸ்பிளே பலகையைக் கழற்றிவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்றைப் பொருத்தினார்கள். அந்தப் போலிப் பலகையில்தான் ப்ளூடூத் இருந்தது. நினைவகத்தின் மீது ஒரு சிறு கருவியைக் கவ்வவைத்து, பதிந்த ஓட்டை மாற்றவும் முடிந்தது. அந்த இயந்திரத்தைத் திருடியதாக வழக்குப் போட்டு அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். குறையைச் சுட்டிக் காட்டியவரைக் கைது செய்தது பெரும் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சோதனை சொன்னது இதுதான்: இயந்திரம் தவறானவர் கையில் கொஞ்ச நேரம் தனியாகக் கிடைத்தால் எதுவும் நடக்கலாம். ஆகவே சீல், பூட்டு, காவல், கேமரா, சாவடியில் உட்காரும் கட்சி முகவரின் கையெழுத்து எல்லாமே பாதுகாப்பின் உயிர்நாடி. அப்போது ஆராயப்பட்டது பழைய வகை. எம்3 இயந்திரத்தைத் திறந்தால் அது வேலை செய்யாமல் நின்றுவிடும் என்கிறது தேர்தல் ஆணையம்.

2017 ஜூனில் "வந்து ஹேக் செய்து காட்டுங்கள்" என்று ஆணையம் அரசியல் கட்சிகளை அழைத்தது. தேசியவாத காங்கிரஸும் மார்க்சிஸ்ட் கட்சியும் மட்டும் போயின. இரண்டுமே ஹேக் செய்ய முயலவில்லை. செயல் விளக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தன. இயந்திரத்தின் உள்பாகங்களை மாற்ற அனுமதியில்லாத சவாலை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வெளியிலிருந்து வேண்டாம், தயாரிக்கும்போதே உள்ளே ஏதாவது எழுதிவைத்துவிட்டால்?

கணினிப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். ஆணையத்தின் பதில் இப்படிப் போகிறது: சிப்பில் மென்பொருளை ஒரு முறைதான் எழுத முடியும். எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு, எந்தச் சாவடிக்கு என்பதைக் கணினி இரண்டு கட்டமாகக் குலுக்கித் தீர்மானிக்கிறது. வேட்பாளர் வரிசையோ மனு வாபஸ் முடிந்த பிறகுதான் தெரியும். கட்சிகளையும் சுயேச்சைகளையும் தனித்தனிப் பிரிவாக்கி அகர வரிசையில் அடுக்குவார்கள். ஒரு கட்சி ஒரு தொகுதியில் இரண்டாவது பட்டனில் இருக்கும், பக்கத்துத் தொகுதியில் ஐந்தாவதில் இருக்கும். எந்தப் பட்டன் யாருடையது என்று முன்பே தெரியாத இயந்திரம் யாருக்குச் சாதகமாக இருக்க முடியும்?

விவிபேட் வருவதற்கு முன் இந்த வாதம் வலுவாக இருந்தது. இப்போது சின்னத்தை அச்சிட வேண்டியிருப்பதால், இன்ன எண்ணுக்கு இன்ன சின்னம் என்ற விவரத்தை வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு விவிபேட்டுக்குள் ஏற்றுகிறார்கள். அதைச் செய்வது சின்னம் ஏற்றும் கருவி. வாக்குப்பதிவுக் கருவியின் கேபிள் முதலில் விவிபேட்டுக்கும், அங்கிருந்து கட்டுப்பாட்டுக் கருவிக்கும் போகிறது. "ஓட்டு கடந்து போகும் பாதையின் நடுவே, சின்னம் தெரிந்த ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறதே" என்று விமர்சகர்கள் கேட்பது முழுக்க முழுக்க நியாயமான கேள்வி. மென்பொருளின் மூலநிரலைப் பொதுவெளியில் வைத்தால் பாதி வாதம் ஓய்ந்துவிடும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கிறார்கள். நிரலை மறைத்துவைப்பதால் வரும் பாதுகாப்பு எத்தனை நாள் தாங்கும் என்று இத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வாக்குப்பதிவு தொடங்கும் முன் சோதிப்பதில்லையா?

சோதிக்கிறார்கள், பல கட்டமாக. மாவட்டத்தில் நடக்கும் முதல்நிலைச் சரிபார்ப்பில் பெல், இசிஐஎல் பொறியாளர்கள் கட்சிக்காரர்கள் முன்னிலையில் இயந்திரங்களைப் பார்க்கிறார்கள். வேட்பாளர் பட்டியல் பொருத்தும்போது இன்னொரு முறை. கடைசியாக, வாக்குப்பதிவு நாளன்று விடியற்காலையில் சாவடியிலேயே மாதிரி வாக்குப்பதிவு.

இந்தக் கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஏழு மணிக்கு ஓட்டு என்றால் ஐந்தரைக்கே முகவர்கள் போய்விட வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு, டீ கூடக் குடிக்காமல் வந்து உட்காருவார்கள். நோட்டா உட்பட எல்லாப் பட்டன்களிலும் மாறி மாறி அழுத்தி, குறைந்தது 50 ஓட்டு போடுகிறார்கள். யார் எத்தனை அழுத்தினார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு "க்ளோஸ்" பட்டன், "ரிசல்ட்" பட்டன். திரையில் வரும் எண்களைத் தாளோடும் விவிபேட் சீட்டுகளோடும் ஒப்பிடுகிறார்கள். சரியாக இருந்தால் "கிளியர்" பட்டன். எல்லாம் பூஜ்யமாகிவிட்டதைக் காட்டி, விவிபேட் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை வெளியே எடுத்து, தனி உறையில் போட்டு மூட வேண்டும். அதன் பிறகு பச்சைத் தாள் முத்திரையில் முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, ரிசல்ட் பகுதியின் கதவில் பொருத்துகிறார்கள். அந்தத் தாளின் வரிசை எண்ணை முகவர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணும் நாளில் அதே எண்ணுள்ள தாள் கிழியாமல் இருக்கிறதா என்று அவருடைய ஆள் அங்கே பார்க்கப் போகிறார். தாமதமாக வரும் முகவர் இந்த ஒன்றரை மணி நேரத்தையும் கோட்டைவிட்டுவிடுகிறார். நாள் முழுக்க வெயிலில் நின்று வாக்காளரை அழைத்துவருவதைவிட இது முக்கியமான வேலை என்று கட்சிகள் தங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஐம்பது ஓட்டில் ஒழுங்காக நடந்துகொண்டு, ஐந்நூறாவது ஓட்டுக்குப் பிறகு புத்தியைக் காட்டும் மென்பொருளை எழுத முடியுமா என்றால், கொள்கையளவில் முடியும். அதனால்தான் சோதனையோடு நிறுத்தாமல், தேர்தல் முடிந்தபின் காகிதத்தை எண்ண வேண்டும் என்கிறேன்.

நான் போட்டது ஒரு சின்னம், சீட்டில் வந்தது வேறு சின்னம். என்ன செய்வது?

வெளியே வருவதற்கு முன் சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். தேர்தல் நடத்துவதற்கான விதிகளில் உள்ள 49எம்ஏ விதிப்படி எழுத்து மூலம் உறுதிமொழி கேட்பார். முகவர்கள் முன்னால் ஒரு சோதனை ஓட்டு போடச் சொல்வார். அதிலும் சின்னம் மாறி வந்தால் வாக்குப்பதிவே நிறுத்தப்படும். சரியாக வந்துவிட்டால் நீங்கள் பொய்ப் புகார் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

இந்த விதி மாற வேண்டும். ஒரு முறை மாறி அச்சிட்ட இயந்திரம் அடுத்த முறையும் மாற்றியே அச்சிடும் என்று என்ன நிச்சயம்? ஜெயிலை நினைத்தால் கூலி வேலைக்குப் போகிற ஒரு அம்மா வாய் திறப்பாரா? வேண்டுமென்றே கலாட்டா செய்பவரைத் தண்டிக்க வேறு சட்டப் பிரிவுகள் இருக்கின்றன.

விவிபேட் எப்படி வந்தது? எத்தனை சீட்டை எண்ணுகிறார்கள்?

சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நியாயமான தேர்தலுக்குக் காகிதத் தடம் தவிர்க்க முடியாத தேவை என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட் முதன்முதலாகப் பயன்பட்டிருந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் எல்லாச் சாவடிக்கும் வந்துவிட்டது.

முதலில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடியின் சீட்டுகளைத்தான் எண்ணினார்கள். பாதிக்குப் பாதி எண்ண வேண்டும் என்று சந்திரபாபு நாயுடு தலைமையில் 21 எதிர்க்கட்சித் தலைவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றை ஐந்தாக்கியது. இன்றுவரை அந்த ஐந்துதான். மக்களவைத் தேர்தலிலும் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் ஐந்து.

ஐந்து போதாதா?

இந்தக் கேள்விக்கு ஆணையம் காட்டும் ஆதாரம் ஒரு நிபுணர் குழுவின் அறிக்கை. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் சார்பில் அமைந்த அந்தக் குழுவில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் ராஜீவ கரண்டிகரும் இருந்தார். நாடு முழுவதும் உள்ள சுமார் 10.35 லட்சம் இயந்திரங்களில் 479ஐக் குலுக்கி எடுத்து, அத்தனையும் சரியாக இருந்தால், பழுதானவை 2 சதவீதத்துக்கும் குறைவு என்று ஏறக்குறைய நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்லலாம் என்றது அறிக்கை. கணக்கில் பிழையில்லை. நாடு முழுவதும் ஒரே தேர்தல், ஒரே முடிவு என்றால் 479 போதும்.

நம் நாட்டில் ஒவ்வொரு தொகுதிக்கும் தனி முடிவு. கேள்வியைத் தொகுதிக்குள் வைத்துத்தான் கேட்க வேண்டும். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 250 சாவடி என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 இயந்திரம் கோளாறு. ஐந்தைக் குலுக்கி எடுத்தால் அந்த 25ல் ஒன்றாவது சிக்குவதற்கான வாய்ப்பு சுமார் 41 சதவீதம்தான். கோளாறானது ஐந்தே இயந்திரம் என்றால் வாய்ப்பு 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மக்களவைத் தொகுதியில் நிலைமை மேல்: ஆறு பகுதியிலும் சேர்த்து 30 இயந்திரத்தைப் பார்ப்பதால், பத்தில் ஒன்று கெட்டிருந்தால் 96 சதவீதம் சிக்கிவிடும். நூற்றில் இரண்டு மட்டும் கெட்டிருந்தால் பாதிக்கும் கீழே.

நூற்றில் இரண்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2021ல் சென்னை தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. 2016ல் ராதாபுரத்தில் 49 ஓட்டு; தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம் அது. இந்த இரண்டு இடத்திலும் இயந்திரத்தில் ஏதோ நடந்தது என்று நான் சொல்லவில்லை. 137 வித்தியாசம் உள்ள தொகுதியில் ஒரே ஒரு இயந்திரத்தில் 69 ஓட்டு இடம் மாறிப் பதிவானாலே முடிவு தலைகீழாகிவிடும். அந்த ஒரு இயந்திரம் நம் ஐந்தில் வந்து சிக்க 2 சதவீத வாய்ப்புதான்.

ஒரு லட்சம் ஓட்டில் ஜெயித்த தொகுதியிலும் ஐந்து, 137 ஓட்டில் ஜெயித்த தொகுதியிலும் ஐந்து என்பது புள்ளியியலுக்கே பொருந்தாது. வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சீட்டு கூட வேண்டும். மிகக் குறைவென்றால் அத்தனையையும் எண்ண வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017லிருந்து இந்த முறையைத்தான் மாநிலம் முழுக்கப் பின்பற்றுகிறது. நம் ஊரில் இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. சீட்டுகள் ஏற்கெனவே பெட்டியில் இருக்கின்றன.

எல்லாச் சீட்டையும் எண்ணிவிடலாமே?

ஏடிஆர் என்ற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில் இதைத்தான் கேட்டார்கள். சீட்டை வாக்காளர் கையில் கொடுத்து அவரே பெட்டியில் போட வைக்கலாம் என்றும், கறுப்புக் கண்ணாடிக்குப் பதில் தெளிவான கண்ணாடி போடலாம் என்றும் கேட்டார்கள். நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு 2024 ஏப்ரல் 26 அன்று எல்லாவற்றையும் மறுத்துவிட்டது. அதுவரை 41,629 விவிபேட்களின் 4 கோடிக்கும் அதிகமான சீட்டுகள் எண்ணப்பட்டதை ஆணையம் எடுத்துக்காட்டியது. அவற்றில் 2019ல் ஆந்திராவின் மைதுகூரு தொகுதிச் சாவடி ஒன்றில்தான் முரண்பாடு வந்தது. காரணத்தைத் தேடியபோது, காலையில் போட்ட மாதிரி ஓட்டுகளை அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

இது ஆறுதலான செய்திதான். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை நம்பிக்கை உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் எண்ணிக் காட்டத் தயங்குவது ஏன்? பாதியை எண்ணினாலே முடிவு ஐந்தாறு நாள் தள்ளிப்போகும் என்று 2019ல் ஆணையம் சொன்னது. ஏழு கட்டத் தேர்தலில் முதல் கட்டத்தில் ஓட்டுப் போட்டவர் முடிவுக்கு ஒன்றரை மாதம் காத்திருக்கிறார். அவரால் இன்னும் ஐந்து நாள் காத்திருக்க முடியாதா?

தோற்ற வேட்பாளர் இயந்திரத்தைச் சோதிக்கச் சொல்லலாமா?

அதே 2024 தீர்ப்பு தந்த வழி இது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் விண்ணப்பித்தால், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். செலவு விண்ணப்பித்தவருடையது, முறைகேடு தெரியவந்தால் பணம் திரும்பும். சின்னம் ஏற்றும் கருவிகளையும் சீல் வைத்து 45 நாள் பாதுகாக்கச் சொன்னது நீதிமன்றம். 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் விருதுநகர், வேலூர் தொகுதிகளில் இரண்டாமிடம் வந்தவர்கள் விண்ணப்பித்தார்கள். விருதுநகரில் வித்தியாசம் 4,379 ஓட்டு.

நடைமுறையில் என்ன நடந்தது? சிப்பில் எரித்துப் பதிந்த மென்பொருளைப் பார்க்காமல், ஒரு மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டுவதாக ஆணையம் விதிமுறை எழுதிக்கொண்டது. மறுபடி வழக்கு. சோதிக்கும்போது பழைய பதிவை அழிக்கவோ புதிதாக ஏற்றவோ கூடாது என்று 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு செட்டுக்கு 40,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற கட்டணமும் அதிகம் என்றது.

உண்மையில் தவறுகள் எங்கே நடக்கின்றன?

பெரும்பாலும் மனிதர் கையில். 2021 ஏப்ரல் 6 அன்று வேளச்சேரியில் இயந்திரங்களையும் விவிபேட்டையும் மாநகராட்சி ஊழியர்கள் ஸ்கூட்டரில் எடுத்துப் போனதை ஊர்க்காரர்கள் மடக்கிப் பிடித்தார்கள். அதிலிருந்த விவிபேட் அன்று காலை சிறிது நேரம் பயன்பட்டுப் பழுதாகி மாற்றப்பட்டது என்று பிறகு தெரியவந்தது. 92ஆம் எண் சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. 2019ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் தேர்தல் ஆவணங்கள் வைத்திருந்த அறைக்குள் ஓர் அதிகாரி அனுமதியின்றி நுழைந்தது பெரிய பிரச்சினையாகி, கலெக்டர் மாற்றப்பட்டார். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் 13 சாவடிகளில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. அவற்றில் சிலவற்றில் நடந்ததும் மைதுகூருவில் நடந்த அதே தவறு: மாதிரி ஓட்டுகளை அழிக்க மறந்தது.

ஹரியானாவின் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாக்கு என்ற கிராமம். 2022ல் அங்கே நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலின் முடிவு தவறு என்று தோற்றவர் விடாமல் போராடினார். இயந்திரங்களைத் தன் வளாகத்துக்கே வரவழைத்து உச்ச நீதிமன்றம் எண்ண வைத்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,051, ஜெயித்தவருக்கு 1,000. 2025 ஆகஸ்ட்டில் நாற்காலி கைமாறியது. இயந்திரத்துக்குள் ஓட்டு பத்திரமாகத்தான் இருந்தது. அறிவித்த முடிவுதான் தவறு. அந்த மனிதர் வழக்கு நடத்த வசதியில்லாதவராக இருந்திருந்தால்?

பேட்டரி 99 சதவீதம் காட்டிய இயந்திரங்கள் மாற்றி வைக்கப்பட்டவையா?

2024 ஹரியானா தேர்தலுக்குப் பிறகு காங்கிரஸ் எழுப்பிய புகார் இது. நாள் முழுக்க ஓடிய இயந்திரத்தில் எப்படி 99 சதவீதம் என்று கேட்டார்கள். புது பேட்டரி 7.5 முதல் 8 வோல்ட் வரை தரும், 7.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை திரை 99 என்றே காட்டும், அதற்குக் கீழே போனால்தான் எண் இறங்கத் தொடங்கும் என்று ஆணையம் விளக்கியது. இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பதிவான ஓட்டும் எண்ணிய ஓட்டும் சில இடங்களில் பொருந்துவதில்லையே?

வாக்குப்பதிவு முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு என்று 17சி படிவத்தில் எழுதி, தலைமை அலுவலர் முகவர்களுக்கு நகல் தர வேண்டும். அன்றிரவு தொலைக்காட்சியில் வரும் சதவீதம் தோராயமானது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 17சிதான் பேச்சு.

இந்தப் படிவம் ஒவ்வொன்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 2024ல் இதைக் கேட்டபோது ஆணையம் சம்மதிக்கவில்லை. தொகுதிவாரி எண்ணிக்கையை மட்டும் மே 25 அன்று வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தேர்தல் நடத்துவதற்கான விதிகளில் 93ஆம் விதியைத் திருத்தி, சாவடி வீடியோ போன்ற மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும் உரிமையையும் குறுக்கினார்கள். சந்தேகம் பெருகும் காலத்தில் கதவைத் திறப்பதுதான் முறை. ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும்: 17சியும் இயந்திரமும் ஒத்துப்போகாத சாவடிகளில் விவிபேட் சீட்டுகளைக் கட்டாயம் எண்ண வேண்டும் என்று 2025ல் ஆணையம் உத்தரவிட்டது.

ஜெர்மனியே கைவிட்டுவிட்டதாமே?

2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், 2005 தேர்தலில் இயந்திரங்களைப் பயன்படுத்திய முறை செல்லாது என்றது. மோசடி நடந்தது என்று அது சொல்லவில்லை. தனி நிபுணத்துவம் எதுவும் இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும், இந்த இயந்திரத்தில் அது முடியாது என்றது. நெதர்லாந்து அதற்கு முந்தைய ஆண்டே காகிதத்துக்குத் திரும்பியிருந்தது. அயர்லாந்து ஐந்து கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்து வாங்கிய இயந்திரங்களை 2012ல் காயலான் கடைக்குப் போட்டது. அந்த நாடுகளில் பயன்பட்ட இயந்திரம் வேறு, அதில் காகிதச் சீட்டும் கிடையாது. ஆனாலும் ஜெர்மனி நீதிமன்றம் வகுத்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். பத்தாவது படித்த ஒருவர் சீட்டை எண்ணிப் பார்க்க முடியும்; சிப்பைப் பார்க்க முடியாது.

அப்படியானால் பழையபடி வாக்குச்சீட்டுக்கே போய்விடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. சாவடியைக் கைப்பற்றி, கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டியில் திணித்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இயந்திரத்தில் ஒரு நிமிடத்துக்கு நான்கைந்து ஓட்டுக்கு மேல் பதிய முடியாது. கலாட்டா என்றால் அலுவலர் "க்ளோஸ்" பட்டனை அழுத்திவிடலாம். செல்லாத ஓட்டு என்ற பிரச்சினையும் போய்விட்டது.

காகிதம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சண்டிகர் மேயர் தேர்தல் சாட்சி. 2024 ஜனவரி 30 அன்று தேர்தல் அலுவலரே எட்டு வாக்குச்சீட்டில் பேனாவால் கீறிச் செல்லாதவை ஆக்கினார். கேமராவில் பதிவாகியிருந்தது, சீட்டுகளும் கையில் இருந்தன. பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் முடிவை மாற்றியது. காகிதத்தில் திருட முடிந்தது, திருட்டைப் பிடிக்கவும் அதே காகிதம் உதவியது. ஆகவே இயந்திரம் வேகத்துக்கு இருக்கட்டும். சீட்டு சரிபார்ப்புக்கு இருக்கட்டும். இரண்டும் முரண்பட்டால் சீட்டின் கணக்கே செல்லும் என்று விதியும் இருக்கிறது.

தோற்றவர்கள்தானே எப்போதும் புலம்புகிறார்கள்?

ஆமாம், எல்லாக் கட்சியும்தான். 1982ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 சாவடியில் முதன்முதலாக இயந்திரம் வந்தபோதே இது தொடங்கிவிட்டது. இயந்திரம் வேண்டாம் என்று முதலில் நீதிமன்றம் போனவர் சிவன் பிள்ளை; தேர்தலில் அவரே ஜெயித்தார். உடனே தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிக்கும் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது; ஜோஸ் ஜெயித்தார். 61ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தியது அதற்குப் பிறகுதான். தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்த 2001ல் அதிமுக சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, நிற்கவில்லை. 2009ல் தோற்றபின் அத்வானி வாக்குச்சீட்டு கேட்டார். இப்போது காங்கிரஸ் கேட்கிறது.

கட்சிகள் இடம் மாறிப் பேசுவதைக் காட்டி மக்களின் சந்தேகத்தைத் தள்ளிவிடக் கூடாது. 2024 டிசம்பரில் மகாராஷ்டிராவின் மார்கட்வாடி கிராமத்தினர் தங்கள் ஊர் ஓட்டுக் கணக்கு நம்பும்படி இல்லை என்று, சொந்தச் செலவில் வாக்குச்சீட்டு அடித்து ஊருக்குள்ளேயே மறுபடி ஓட்டுப் போட்டுப் பார்க்கக் கிளம்பினார்கள். தொகுதியில் ஜெயித்தது அவர்கள் ஆதரித்த வேட்பாளர்தான். ஆகவே தோல்விப் புலம்பல் என்று இதைச் சொல்ல முடியாது. போலீஸ் வந்து தடுத்தது, வழக்கும் போட்டது. அந்த ஊர்ச் சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை ஊரார் முன்னால் எண்ணிக் காட்டியிருந்தால் ஒரே பகலில் முடிந்திருக்கும் விஷயம்.

உள்ளாட்சித் தேர்தலிலும் விவிபேட் உண்டா?

தமிழ்நாட்டில் இல்லை. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். 2022 நகர்ப்புறத் தேர்தலில் இயந்திரம் இருந்தது, ஒப்புகைச் சீட்டு இல்லை. ஊரகத் தேர்தல் இன்னும் வாக்குச்சீட்டில்தான். பத்து, இருபது ஓட்டில் வார்டு முடிவு மாறும் தேர்தலில் காகிதத் தடமே இல்லாதது பெரிய குறை. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நான் சாதாரண வாக்காளர். என்னால் என்ன செய்ய முடியும்?

பட்டனை அழுத்திவிட்டு உடனே திரும்பாதீர்கள். அந்த 7 விநாடியும் கண்ணாடியைப் பார்த்து, சின்னமும் பெயரும் சரியா என்று படித்துவிட்டு நகருங்கள். பெரும்பாலோர் பீப் சத்தம் கேட்டதுமே கிளம்பிவிடுகிறார்கள். யாரும் பார்க்காத சீட்டை எண்ணி என்ன பயன்? வீட்டில் வயதானவர்களுக்கும் முதல் ஓட்டுப் போடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் தெருவில் யாராவது முகவராகப் போகிறார்கள் என்றால், மாலையில் 17சி நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் சாவடியை விட்டு வரக் கூடாது என்று சொல்லுங்கள். அதில் கட்டுப்பாட்டுக் கருவியின் எண், மொத்த ஓட்டு, முத்திரை எண்கள் இருக்கும். அதை அங்கேயே போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, மூலத்தைக் கட்சியின் எண்ணிக்கை முகவரிடம் ஒப்படைக்க வேண்டும். எண்ணும் மேசையில் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்ததும், ரிசல்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் அந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு எண் மாறியிருந்தாலும் அங்கேயே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். முடிவு அறிவித்து முடித்த பிறகு மிச்சமிருப்பது 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் தேர்தல் வழக்கு ஒன்றுதான்.